வளைந்து நிற்காத வால்

அந்த ஆய்வகத்தின் இருட்டறைக்குள் சிவப்பு மை தெரியாது. உள்ளே எரிவது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அதன் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பு, அதன்மேல் எழுதிய சிவப்பும் சிவப்பு. அச்சடித்த கறுப்பு எழுத்து நிற்கும். பேனாவால் எழுதியது தாளோடு தாளாகக் கரைந்துவிடும். ஆய்வகத் தலைவியான மேடமோ சிவப்புப் பேனாவைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். ஆகவே அவர் திருத்திக் கொடுத்த அறிக்கையை உடனே பார்க்கத் தெம்பில்லாதவர்கள், முதலில் அதை இருட்டறைக்குள் எடுத்துப்போய்ப் படிப்பது வழக்கமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை குடுவையும் அதைத்தான் செய்தாள்.

"பரவாயில்லையே, மேடம் ஒண்ணுமே திருத்தல" என்றாள்.

"வெளிய வந்து சொல்லுங்க அண்ணி" என்றாள் கணக்கு.

வெளியே, குழல்விளக்கின் கீழ், தாள் முழுக்க ரத்தக்களரி. கடைசி வரிக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டு எழுதியிருந்தது: ‘இருட்டில் நிற்காத மூலக்கூறு நமக்கு எதற்கு? வெள்ளிக்கிழமை காலை முடிவெடுப்போம்.’

குடுவை, கணக்கு இரண்டுமே ஆய்வகம் வைத்த பெயர்கள். கணக்கு கணினிமுன் உட்கார்ந்து, எந்த மூலக்கூறு எந்த வெளிச்சத்துக்கு எப்படி வளையும், வளைந்தபின் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போடுபவள். குடுவை அவள் அண்ணனின் மனைவி. கணக்கு வரைந்து கொடுப்பதைக் கண்ணாடிக் குடுவைகளில் காய்ச்சி, கழுவி, உலர்த்தி, உண்மையான பொடியாகக் கையில் கொடுப்பவள். அண்ணி அங்கே நிரந்தர ஊழியர். நாத்தனார் ஒப்பந்த ஊழியர். அந்த ஒப்பந்தமும் இந்த ஒரு மூலக்கூறின் பெயரில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மேடம் அதைக் கைவிட்டால், கணக்குக்கு அங்கே மேசை கிடையாது.

வினையை ஆரம்பித்து வைத்தவன் அண்ணன். அவன் பல் மருத்துவன். சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அலுத்துக்கொண்டான்: பல்லைப் பிடுங்குவது ஐந்து நிமிடம், மரத்துப்போன உதடு தெளிய அரை நாள். பெரியவர்கள் காப்பியைச் சட்டையில் குடிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள், வலிக்கவில்லையே என்கிற ஆச்சரியத்தில் சொந்த உதட்டையே மென்று பார்க்கிறார்கள். "விளக்கை அணைக்கிற மாதிரி மருந்தையும் அணைக்க ஒரு சுவிட்ச் கண்டுபிடிங்களேன். வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்க, ஒரு பிரயோஜனம் உண்டா?"

பிரயோஜனமில்லை என்ற சொல்லை இரண்டு பேருமே தாங்கக்கூடியவர்கள் அல்லர். அப்படித்தான் அந்த மூலக்கூறு பிறந்தது. நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும். இரு பக்கமும் ஒவ்வொரு வளையம். சும்மா இருக்கையில் கால் நீட்டிப் படுத்தவனைப் போல நேராகக் கிடக்கும். ஊதா வெளிச்சம் பட்டால் முழங்காலை மடக்கிக்கொள்ளும். மடங்கிய வடிவம் நரம்பின் வாயிலில் போய்ப் பொருந்தி வலியை மறிக்கும். வேலை முடிந்ததும் பச்சை வெளிச்சம் காட்டினால் மறுபடி கால் நீட்டும். மரமரப்பு அந்த நொடியே தீரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாய் மூடினால் இருட்டு. மருத்துவர் பச்சை விளக்கு காட்டும்வரை, அந்த இருட்டிலும் உடம்புச் சூட்டிலும், மூலக்கூறு மடக்கிய காலை மடக்கியபடியே வைத்திருக்க வேண்டும். பாதி வேலையில் நிமிர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று அண்ணன் ஒருமுறை நடித்தே காட்டினான். நோயாளியாகவும் மருத்துவனாகவும் மாறிமாறி.

பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும் என்றது கணக்கின் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்குமேல் நிமிர்ந்துவிடுகிறது என்றது, வளைவை அளக்க இருட்டறையில் வைத்திருந்த புது மெஷின்.

"ஊர்ல எல்லாரும் நாய் வாலை நிமிர்த்தப் படாத பாடு படுறாங்க" என்றான் அண்ணன். "நீங்க வளைச்சு வைக்கத் திண்டாடுறீங்க." அன்றிலிருந்து அதற்கு வால் என்றே பெயராயிற்று.

மேடத்தின் சிவப்பு எழுத்தைப் படித்து முடித்ததும் கணக்கு சொன்னாள்: "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்படி ஆரம்பிச்சாலே தப்பாத்தான் எடுத்துக்கணும். சொல்லு."

"துளி அமிலம் ஒட்டிட்டு இருந்தாக்கூட வால் சீக்கிரம் நிமிர்ந்துடும். நீங்க கழுவினது..."

"நான் கழுவினது?"

"இன்னும் ஒரு தடவை கழுவியிருக்கலாமோன்னு."

குடுவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் பதில் சொல்வதற்குமுன் கண்ணாடியைத் துடைத்தால், எதிராளி எதையாவது பிடித்துக்கொள்வது நல்லது. "நாத்தனார் உடைச்சா மண்குடம், அண்ணி உடைச்சா பொன்குடம். சரிம்மா. கழுவுறேன்."

கழுவினாள். புதன்கிழமை முழுக்க அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் ஓயவில்லை. கண்ணாடிக் குழாயில் மணலைப்போல் அடைத்த பொடிவழியே கரைசலை மெதுவாக வடியவிட்டு, வேண்டாததையெல்லாம் அதிலேயே சிக்கவைத்து, வடிந்ததை மறுபடி வடித்து, பளிச்சென்ற மஞ்சள் பொடியாக எடுத்தாள். அதற்குமேல் சுத்தமாக எதுவும் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்காது. தகரத்தாள் சுற்றிய புட்டியில் போட்டு நாத்தனாரின் மேசையில் சத்தம் கேட்கும்படி வைத்தாள்.

இம்முறை எதையும் தவறவிடக் கூடாது என்று கணக்கு முடிவு செய்தாள். ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. ‘ஒரு தடவை பார்த்தது பார்த்ததே இல்லை’ என்பது மேடத்தின் வாக்கு. யார் என்ன முடிவைக் காட்டினாலும் "இன்னொரு தடவை" என்பார். போன தடவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு எடுத்தார்கள். இந்தத் தடவை நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கும்படி, ஒவ்வொரு முறையும் நன்றாக நிதானித்துப் பார்க்கும்படி, மெஷினுக்குக் கட்டளை கொடுத்தாள். கரைசலுக்கு ஊதா வெளிச்சம் காட்டி, மெஷினின் கூண்டுக்குள் வைத்து மூடினாள். கூண்டு உடம்புச் சூட்டில் இருந்தது. வால் வளைந்திருந்தது.

கால் மணி நேரத்தில் நிமிர்ந்துவிட்டது. அழுக்கு வாலைவிடச் சுத்தமான வால் வேகமாக நிமிர்ந்தது.

குடுவை திரையை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு ஏதோவும் இருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். "என் பக்கம் கோணல் இல்லைன்னு இப்ப தெரிஞ்சுதா?"

அன்றிரவும் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். கணக்கு அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். சண்டை போட்டால் தனியாகச் சாப்பிடப் போகலாம் என்ற வசதி அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

"என்ன ஆச்சு வால்?" என்றான் அண்ணன்.

"உங்க தங்கச்சி போட்ட கணக்குல ஒரு சுழி கூடிப்போச்சு போல" என்றாள் குடுவை. "பத்து மணி நேரமாம். ஒரு மணி நேரமா இருந்திருக்கும்."

அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பி, ‘இருக்கலாம்’ என்பதுபோல் தலையசைத்தான்.

"அண்ணா, நான் மூணு வழியில போட்டுப் பார்த்தேன். மூணுலயும் அதே விடை."

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பி, ‘மூன்று வழியா, அப்போ சரி’ என்பதுபோல் தலையசைத்தான்.

"பார்த்தியா" என்றாள் குடுவை நாத்தனாரிடம். "நாம தேடுற சுவிட்ச் வீட்டுலயே இருக்கு. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் திரும்புது."

"இருட்டுல நிக்காது அண்ணி. பசிச்சா திரும்பி சமையல்கட்டுப் பக்கம் போயிடும்."

அந்த வாரத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்த அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "என் விளக்கு எவ்வளவோ மேல்" என்றான். "பல் அடைப்புல நீல வெளிச்சம் அடிச்சா கல்லாயிடும். திரும்பி வா, திரும்பிப் போன்னு அதுகிட்ட யாரும் கேக்கறதில்ல."

கிண்டல் முடிந்ததும் கணக்கின் முகம் பழையபடி ஆயிற்று. மாடிப்படியில் ஏறும்போது அண்ணனிடம் மட்டும் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வேற வேலை தேடணும். அண்ணிகிட்ட இப்பவே சொல்லிடாதே." சொல்லாமலே குடுவைக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அவள் கோபம் இன்னும் கூடியது. தான் செய்த பொடியால் நாத்தனாரின் வேலை போயிற்று என்று நாளை யாரும் சொல்லக் கூடாதே.

வியாழக்கிழமை காலை, மிச்சமிருந்த சுத்தமான பொடியில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, ஊதா வெளிச்சம் காட்டி, மெஷினுக்குள் வைத்தார்கள். முதல் அளவு எடுத்தார்கள். வால் முழுக்க வளைந்திருந்தது. அடுத்த அளவை யார் எடுப்பது என்பதில் சண்டை தொடங்கியது.

"நீயே எடு. நான் எடுத்தா அழுக்குக் கைன்னுவே."

"நான் எடுத்தா கணக்குக்குத் தோதா எடுத்தேன்னு சொல்வீங்க. நான் தொடமாட்டேன். தானா எடுக்கறதையும் நிறுத்திட்டேன், பாத்துக்கங்க."

"நானும் தொடமாட்டேன்."

"சரி."

"சரி."

இருவரும் இருட்டறையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். மெஷினுக்குள் வால் தன்னந்தனியாகக் கிடந்தது.

அதன்பின் பேச்சுவார்த்தை பல் மருத்துவமனை வழியாக நடந்தது. அண்ணனின் செவிலி சொன்னபடி, அவன் ஒருவரின் கடைவாய்ப் பல்லில் துளையிட்டுக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த போன் மூன்று முறை நடுங்கியது. ‘என் ஊதா விளக்கை யார் எடுத்ததென்று உங்கள் தங்கையைக் கேளுங்கள்.’ ‘அண்ணியின் இழுப்பறையில் இருக்கிறதென்று சொல்.’ ‘என் இழுப்பறையை எதற்குத் திறந்தாள் என்று கேளுங்கள்.’ நோயாளி வாயைத் திறந்தபடி கண்ணால் கேட்டார். "வீட்டு விஷயம்" என்றான் பல் மருத்துவன். "நீங்க வாயை மூடிடாதீங்க."

இரண்டு பெண்களின் மேசைக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, குடுவைக்குக் கை சும்மா இருக்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை; சண்டையிலும் இல்லை. இருட்டறைக்குள் போய் மெஷினைத் திறக்கப் போனவள், கொட்டும் முன் கடைசியாக ஒரு அளவு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். தாளில் எழுதி நாத்தனாரின் மேசையில் வைக்கலாம். அதில் ஒரு திருப்தி.

பொத்தானை அழுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையை மறுபடி பார்த்தாள். பிறகு பத்தடி தூரத்தை நடந்து கடந்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

கணக்கு நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவளிடம் நேராகச் சொல்லப்பட்ட முதல் வாக்கியம். "ஏன்?"

"வால் வளைஞ்சே இருக்குங்குது. காலையில இருந்த மாதிரியே."

இருவரும் உள்ளே போனார்கள். கணக்கு பொத்தானை அழுத்தினாள். வளைந்துதான் இருந்தது, ஆனால் அண்ணி சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் குறைவு. மூன்றாம் முறை அழுத்தியபோது வால் மேலும் நிமிர்ந்தது. நான்காம் முறைக்கு நீண்ட விரல் பொத்தானைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"அண்ணி. பழைய மெஷின் எப்படிப் பார்க்கும்?"

"ஒவ்வொரு நிறமா, இடுக்கு வழியா, பூனை மாதிரி. அரை மணி நேரம் எடுக்கும். அதுக்காகத்தானே இதை வாங்கினோம்."

"இது?"

"இது முழு விளக்கையும் ஒரேயடியா அடிச்சுட்டு, வெளிய வர்றப்பத்தான் நிறம் பிரிக்குது. ஒரு நொடி வேலை." சொல்லி முடிப்பதற்குள் குடுவையின் குரல் இறங்கியது. "முழு விளக்கு. அதுல பச்சையும்..."

"பச்சையும் இருக்கு."

ஜன்னலில் தகரத்தாளும் மெஷினின் திரையில் சிவப்புத் தாளும் ஒட்டியிருந்தார்கள். கதவிடுக்கில் கறுப்புத் துணி செருகியிருந்தார்கள். போனை வெளியே வைக்கச் சொல்லி மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, வால் இருட்டில் நிற்கிறதா என்று பார்க்க, நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே விளக்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விதைச்சவன் விதையைத் தோண்டித் தோண்டிப் பார்த்தானாம், முளைச்சுதான்னு" என்றாள் குடுவை. "நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு யாரு வச்சது?"

"நான்தான்."

"சுத்தமா இல்லைன்னது?"

"அதுவும் நான்தான். அண்ணி, நான் தப்பா..."

"இரு இரு. நின்னு, நிதானமா, முழு வாக்கியமாச் சொல்லு. நான் கண்ணாடியைப் போட்டுக்கறேன்."

கணக்கு முழு வாக்கியமாகச் சொன்னாள். குடுவை கேட்டாள். கேட்டு முடித்தபின், இந்த மாதம் முழுக்கக் குடுவைகளைக் கழுவும் பொறுப்பு நாத்தனாருடையது என்று தீர்ப்பளித்தாள். கழுவியதைத் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளாம்.

ஆனால் மேடத்துக்கு வாய்ப்பேச்சு போதாது. புதிதாகக் கரைத்து, ஊதா காட்டி, மெஷினுக்குள் வைத்து, ஒரு அளவு எடுத்துவிட்டு, காலைவரை தொடாமல் விட வேண்டும். காலையில் எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். வேலை எளிது. பார்க்காமல் இருப்பதுதான் வேலை. அது தன்னால் முடியுமா என்று கணக்குக்குச் சந்தேகம். அவளால் முடியாது என்பதில் குடுவைக்குச் சந்தேகமே இல்லை.

"நீ விடியுமுன்ன ஓடிவந்து ஒரே ஒரு தடவைன்னு அழுத்துவே."

"நீங்க கழுவ வர்ற மாதிரி வந்து அழுத்துவீங்க."

இருட்டறையைப் பூட்டி, சாவியை அண்ணனிடம் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டான். "யார் கேட்டாலும் தரக்கூடாது" என்றாள் தங்கை. "நான் கேட்டா?" என்றாள் மனைவி. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்த அவன், வாழ்க்கையில் முதல்முறையாக எந்தப் பக்கமும் தலையசைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவன் சாவியோடு ஆய்வகத்துக்கே வந்தான். பூட்டைத் திறந்துவிட்டு, சொல்லாமலே போனை வெளியே வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டான். மேடம் அறிக்கையைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். குட்டையான மனுஷி, இருட்டறையில் அவருடைய வெள்ளைக் கோட்டு சிவப்பாக, கோபம் நடந்து வந்ததுபோல் இருந்தது.

"ராத்திரி முழுக்க யாரும் அளவு எடுக்கல?" என்றார் நம்பாமல்.

"இல்ல மேடம்."

"ஒண்ணுகூட?"

"எடுக்காததுதான் மேடம் சோதனையே."

மேடம் தானே பொத்தானை அழுத்தினார். கணக்கு அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். குடுவை வலிக்கிறது என்று சொல்லவில்லை. திரையில் கோடு எழுந்தது. பாதி தூக்கம்கூடக் கலையாத மாதிரி வால் வளைந்து கிடந்தது. ராத்திரியில் நிமிர்ந்தது கால்வாசிகூட இல்லை. கணக்கு சொன்ன பத்து மணி நேரம் என்பது தன்னடக்கமாகிப் போயிற்று.

மேடம் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு, எல்லோரும் எதிர்பார்த்ததைச் சொன்னார்: "இன்னொரு தடவை."

அழுத்தினார். கோடு கொஞ்சம் சரிந்தது. "ஏன் மாறுது? இன்னொரு தடவை." அழுத்தினார். இன்னும் சரிந்தது. கதவோரத்தில் பல் மருத்துவன் மெதுவாக இருமினான். மேடத்தின் விரல் மறுபடி நீண்டது, பாதி வழியில் நின்றது, பிறகு மெல்லத் திரும்பிக் கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"பார்த்துப் பார்த்து இதை நான்தான் கெடுக்கறேனா?"

"நாங்களும்தான் மேடம்" என்றாள் குடுவை. "ஆறு மாசமாக் கெடுக்கறோம். நீங்கதான் பிந்தி வந்திருக்கீங்க."

மேடம் சிரித்தாரா என்று சிவப்பு வெளிச்சத்தில் தெரியவில்லை. அறிக்கையை விரித்து, மெஷின்மேல் வைத்து, பேனாவை எடுத்து நாலு வரி எழுதினார். எழுதுவது அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் கை நிற்காமல் ஓடியது, கடைசியில் கையெழுத்தும் போட்டார். தாளைக் கணக்கிடம் நீட்டிவிட்டு, "மெஷின் விளக்குக்கு ஒரு பச்சை மறைப்பு போடச் சொல்லுங்க, பச்சை வெளிச்சம் வெளிய வராம" என்று வெளியே போனார்.

கணக்கு தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வெறும் தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றான் அண்ணன்.

"தெரியல. இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கேனே."

"நடடீ வெளிய" என்றாள் குடுவை, அவள் முதுகில் கைவைத்து.

குழல்விளக்கின் கீழ், பார்க்காமல் எழுதிய எழுத்து பழைய திருத்தங்களின்மேல் ஏறி, ஓரத்தில் இறங்கி, வளைந்து வளைந்து போயிருந்தது. மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தன. ‘இருட்டில் நிற்கிறது. மூலக்கூறைத் தொடரவும். இவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆவன செய்யவும்.’ நாலாவது வரி ஏற்கெனவே போட்டிருந்த இரட்டைக் கோட்டின்மேல் விழுந்து யாருக்கும் விளங்கவில்லை. குடுவை அதைத் திட்டு என்றாள்; கணக்கு பாராட்டு என்றாள்.

"அப்போ நான் கிளம்பறேன்" என்றான் அண்ணன். "எனக்காக ஒருத்தர் வாயைத் திறந்துட்டுக் காத்திருப்பார். சாவி யார்கிட்ட?"

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. அவன் இரண்டையும் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.